வியாழக்கிழமை ரயில்

நான் குடியிருக்கும் கான்கார்ட் நகரம் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, மின்ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஊரின் வடகிழக்கு ஓரத்தில் குன்றுகளின் அடிவாரமெங்கும் புல் மூடிய மேடுகள் வரிசையாகத் தெரியும். குடிவந்த முதல் ஆண்டு முழுவதும் அவற்றை வெறும் மண்மேடுகள் என்றே எண்ணியிருந்தேன். இயற்கை ஒரே அளவில், ஒரே இடைவெளியில் மேடு கட்டாது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு மாலையில் சாய்ந்த வெயில் பட்டு, அவற்றின் முகப்பிலிருந்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் துலங்கியபோதுதான், நான் தினமும் வேடிக்கை பார்த்தபடி கடந்துபோனவை வெடிமருந்துக் கிடங்குகள் என்று புரிந்தது. அமெரிக்கக் கடற்படையின் கான்கார்ட் ஆயுத நிலையத்தைச் சேர்ந்தவை அவை. கிடங்குப் பகுதி பயன்பாட்டிலிருந்து விலகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாடுகள் அந்தக் கதவுகளின் முன்னால் படுத்து அசைபோடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தக் கிடங்குகளிலிருந்து விரிகுடாவின் கப்பல்துறைக்கு ஒரு தண்டவாளம் போகிறது. வழியில் அது ஒரு பொதுச் சாலையைக் குறுக்கே கடக்கிறது. அந்த நாட்களில் கிடங்கு கடற்படைக்குச் சொந்தம், துறைமுகமும் அவர்களுக்கே சொந்தம். ஆனால் இடையிலிருக்கும் அந்தச் சாலைக் கடவு மட்டும் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கக்கூடிய இடம். 1980களில் எல் சால்வடோர் அரசின் படைகளுக்கு அனுப்பப்பட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் இந்தக் கடவின் வழியாகத்தான் கப்பலுக்குப் போயின.

இதை எதிர்த்து 1987 ஜூன் 10 முதல் ஒரு சிறிய குழு நாள்தோறும் அங்கே வந்து நின்றது. செப்டம்பர் 1 அன்று அவர்களுள் மூன்று முன்னாள் படைவீரர்கள் தண்டவாளத்தின்மேல் அமர்ந்து 40 நாள் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் பிரையன் வில்சன். அப்போது அவருக்கு வயது 46. வியட்நாம் போரில் விமானப்படை அதிகாரியாக இருந்தவர், சட்டம் படித்தவர். என்று, எங்கே, எதற்காக உட்காரப் போகிறோம் என்பதை அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்தார். ரயில் வரும், நிற்கும், காவலர்கள் வந்து கைது செய்வார்கள் என்பதுதான் அவர்களின் எதிர்பார்ப்பு. அன்று ரயில் நிற்கவில்லை. மணிக்கு 5 மைல் வேக வரம்பு உள்ள இடத்தில் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் அது வந்தது. மற்ற இருவரும் விலகிவிட்டார்கள். வில்சன் எழுவதற்குள் ரயில் அவர்மேல் ஏறிவிட்டது. மகப்பேறு மருத்துவச்சியான அவர் மனைவியும் உடனிருந்தவர்களும் தங்கள் கைகளாலேயே ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதலில் வந்த கடற்படை ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொள்ள மறுத்தது. உயிர் பிழைத்தார், முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் போயின.

ரயிலை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு இருந்ததாக அதன் ஓட்டுநர் குழுவினர் பின்னர் கூறினார்கள். அதே குழுவினர், தங்களுக்கு மன உளைச்சல் ஏற்படுத்திவிட்டதாக வில்சன் மேலேயே வழக்குத் தொடுத்தார்கள். இந்த இடத்தை நான் சரியாகத்தான் படிக்கிறேனா என்று திரும்பவும் ஒருமுறை படித்தேன். அந்த வழக்கு நிற்கவில்லை. வில்சன் தொடுத்த வழக்கில், 1990ஆம் ஆண்டு அரசு 9,20,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ரயில் மறியல் என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. கல்லக்குடியில் தொடங்கி நேற்றைய காவிரிப் போராட்டம் வரை, தண்டவாளம் என்றாலே நமக்கு ஒரு காட்சி தயாராக இருக்கிறது: முன்கூட்டியே அறிவிப்பு, கொடி, முழக்கம், வந்து நிற்கும் எஞ்சின், காவல்துறை வேன், கல்யாண மண்டபம், மாலையில் விடுதலை. இது நாடகம் என்று கேலி செய்பவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் எஞ்சின் நிற்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த நாடகமே நடக்கிறது என்பது, நிற்காத ரயிலைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருக்கோடியில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. எண்பதைத் தாண்டியவர். இங்கே எந்த வயதினரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். எனக்கு இன்னும் அது வாயில் வரவில்லை. 'டீச்சர்' என்று அழைக்கத் தொடங்கினேன், அவருக்கும் அது பழகிவிட்டது. வில்சன் அடிபட்ட நான்காம் நாள் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கடவில் திரண்டு, தண்டவாளத்தின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்தார்கள். டீச்சரும் அன்று போயிருந்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. "அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். ஜெசி ஜாக்சன் வந்தார், ஜோன் பயஸ் பாடினார். மறுவாரம் யார் வந்தார்கள் என்பதுதான் கணக்கு" என்றார். கடற்படை தண்டவாளத்தைச் சீர்செய்து ரயிலை மீண்டும் ஓட்டியது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, ஏதாவது ஒரு குழு அந்தக் கடவில் ஒவ்வொரு நாளும் நின்றது. டீச்சரின் முறை வியாழக்கிழமை.

அவர் ஒரு நாள் ஒரு தாளை எடுத்துக்காட்டினார். தட்டச்சில் அடித்து நகலெடுத்த பட்டியல். எழுத்துகள் ஊதா நிறத்துக்கு வெளிறியிருந்தன. மேலே ஒரு பெயர், அதன் கீழே ஐந்து பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் மேலும் ஐந்து என்று கிளை பிரிந்து போயிற்று. இதை அவர்கள் தொலைபேசி மரம் என்றார்கள். ரயில் கிளம்பப் போகிறது என்று ஒருவருக்குச் செய்தி வந்தால் அவர் ஐந்து பேரைக் கூப்பிட வேண்டும், அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேரை. ஓரங்களில் பென்சில் குறிப்புகள்: 'குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு மட்டும்', 'இரவுப் பணி, பத்து மணிக்கு மேல்', 'கணவர் எடுத்தால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடவும்'. கடைசிக் குறிப்பைச் சுட்டிக்காட்டினேன். அந்தப் பெண்ணின் கணவருக்குக் கிடங்கில்தான் வேலை என்றார் டீச்சர்.

எல் சால்வடோர் மத்திய அமெரிக்காவில் ஒரு சிறு நாடு. அன்று அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 50 லட்சம். நிலமும் காபித் தோட்டங்களும் சில குடும்பங்களின் கையில் இருந்தன; ராணுவம் அவர்களுக்குக் காவல் இருந்தது. 1980 பிப்ரவரியில் தலைநகர் சான் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, அமெரிக்க அதிபர் கார்ட்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். ராணுவ உதவியை அனுப்பாதீர்கள், அது இங்கே அநீதியையும் அடக்குமுறையையும் கூர்மைப்படுத்தவே செய்யும் என்பது அதன் சாரம். ஆயுத உதவிக்கு எதிரான அமெரிக்க மக்கள் இயக்கம் தனக்கான வாசகத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை; அந்த நாட்டின் பேராயரே எழுதிக் கொடுத்திருந்தார். மார்ச் 23 அன்று மறையுரையில் அவர் படைவீரர்களை நேரடியாக அழைத்து, உங்கள் சொந்த மக்களைத்தான் கொல்கிறீர்கள், அடக்குமுறையை நிறுத்துங்கள் என்றார். மறுநாள், ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த டிசம்பரில் அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள் நால்வரைச் சால்வடோர் தேசியக் காவல்படையினர் கடத்திக் கொன்றார்கள். கார்ட்டர் உதவியை நிறுத்தினார். ஆறு வாரங்கள் கழித்து, பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில், ராணுவ உதவியை அவரே மீண்டும் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த ரேகன் ஆட்சியில் அது பல மடங்கானது. அரசுக்கும் இடதுசாரிப் போராளிகளுக்கும் இடையே போர் நடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் பொருளாதார உதவியும் ராணுவ உதவியும் சேர்த்து ஏறத்தாழ 600 கோடி டாலர் போயிற்று.

அமெரிக்க மக்கள் கொதித்து எழுந்தார்கள் என்று இங்கே எழுதினால் அது பொய். பெரும்பாலானோருக்கு எல் சால்வடோர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எழுந்தவர்கள் சிலர்: தேவாலயக் குழுக்கள், வியட்நாம் போரை எதிர்த்துப் பழகியவர்கள், அங்கிருந்து தப்பி வந்த அகதிகள், சில தொழிற்சங்கங்கள். மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1980 டிசம்பரிலேயே, எல் சால்வடோருக்குப் போகும் ராணுவச் சரக்கைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தது. சங்கத்தில் சேராத கடற்படைத் துறைமுகங்கள் இருந்ததால் சரக்கு வேறு வழியில் போயிருக்கும். ஆனாலும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சுமப்பவர் கேட்கலாம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

சுமப்பவர் கேட்ட கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு முன்கதை உண்டு. இதே கப்பல்துறையில், போர்ட் சிகாகோ என்ற இடத்தில், 1944 ஜூலை 17 இரவு வெடிமருந்து ஏற்றும்போது நேர்ந்த வெடிப்பில் 320 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினக் கடற்படையினர். போதிய பயிற்சியில்லாமல் அந்த வேலையில் தள்ளப்பட்டவர்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் வெடிமருந்து ஏற்றச் சொன்னபோது நூற்றுக்கணக்கானோர் மறுத்தார்கள். அவர்களில் 50 பேர் மீது கலகக் குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று கடற்படை அறிவித்தது 2024 ஜூலை 17 அன்றுதான். எண்பது ஆண்டுகள். அந்த ஐம்பதின்மரில் ஒருவரும் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

மீண்டும் எல் சால்வடோருக்கு வருகிறேன். மக்கள் தந்த அழுத்தத்தால் 1981 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு நிபந்தனை விதித்தது: சால்வடோர் அரசு மனித உரிமைகளை மதிக்க உண்மையாக முயல்கிறது என்று அதிபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்று அளித்தால்தான் ராணுவ உதவி தொடரும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. முதல் சான்றுக்கான நாள் 1982 ஜனவரி இறுதியில் வந்தது. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான், மொரசான் மாநிலத்தின் எல் மொசோட்டே கிராமத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அத்லகாத்ல் படைப்பிரிவு நூற்றுக்கணக்கானோரைக் கொன்றிருந்தது. அமெரிக்கா பயிற்சி அளித்து உருவாக்கிய படைப்பிரிவு அது. ருஃபினா அமாயா என்ற பெண் கூட்டத்திலிருந்து நழுவி, புதரில் ஒளிந்து, தன் பிள்ளைகளின் குரலைக் கேட்டபடியே உயிர் தப்பினார். நியூயார்க் டைம்ஸில் ரேமண்ட் பானரும் வாஷிங்டன் போஸ்ட்டில் அல்மா கில்லெர்மோப்ரியட்டோவும் எழுதிய செய்திகள் ஜனவரி 27 அன்று வெளிவந்தன. மறுநாள், ஜனவரி 28, ரேகன் சான்றில் கையெழுத்திட்டார். அப்படி ஒரு படுகொலை நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று வெளியுறவுத் துறை சொன்னது. செய்தி எழுதியவர்கள்தான் ஏமாளிகள் ஆக்கப்பட்டார்கள்.

ஆதாரம் மண்ணுக்கு அடியில் இருந்தது. 1992இல் அர்ஜென்டினாவின் தடய மானுடவியல் குழுவினர், எல் மொசோட்டே தேவாலயத்தை ஒட்டிய ஒரு சிறு கட்டடத்தின் இடிபாடுகளைத் தோண்டினார்கள். 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் 131 பேர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். அதே இடத்தில் 245 தோட்டா உறைகளும் கிடைத்தன. தோட்டா உறையின் அடிவட்டத்தில், ஐந்து காசு அகலம்கூட இல்லாத பித்தளையில், செய்த ஆலையின் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். முத்திரையைப் படிக்க முடிந்த 184 உறைகளும் மிசௌரி மாநிலத்தின் லேக் சிட்டி ஆலையில் அமெரிக்க அரசுக்காகச் செய்யப்பட்டவை. பத்தாண்டுகளாக இல்லை என்று சொல்லப்பட்ட ஆதாரத்தில் ஆலையின் முத்திரையே பொறித்திருந்தது.

இதைப் படித்த இரவில் எனக்குச் சென்னை நினைவு வந்ததை மறைப்பானேன்? 2008 செப்டம்பரில் வவுனியாப் படைத்தளத்தின் மீது நடந்த தாக்குதலில் இந்திய ரேடார் பொறியாளர்கள் இருவர் காயமடைந்தபோதுதான், இந்திய உதவி எந்த அளவுக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது தமிழகத்தில் பலருக்கு உறைத்தது. அக்டோபர் 24 அன்று கொட்டும் மழையில் நடந்த மனிதச் சங்கிலியில் நானும் நின்றேன். முழங்கால் வரை தண்ணீர். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவரின் கை ஈரத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஆனால் அந்த ரேடார் எந்த ஆலையில் செய்யப்பட்டது, எந்தத் துறைமுகம் வழியாகப் போனது, எந்த மேசையில் அதற்குக் கையெழுத்து விழுந்தது என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் எனக்கு எதுவும் தெரியாது. நாங்கள் மத்திய அரசை நோக்கி முழங்கினோம். மத்திய அரசு வெகுதொலைவில் இருந்தது. டீச்சருக்கோ ரயிலின் நேரம் தெரிந்திருந்தது. ராணுவ உதவி என்பது மேலே எங்கோ கலைந்து திரியும் மேகம் அல்ல, தன் ஊரின் ஒரு குறிப்பிட்ட சாலையை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கடக்கும் ஒரு பொருள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் போராட்டம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நாங்கள் எதைப் பிடித்து இழுப்பது என்று தெரியாமல் இழுத்தோம் என்கிறேன்.

எல் சால்வடோர் இயக்கத்தில் எனக்குப் பிடித்தவை எல்லாம் இப்படிக் கைக்கு எட்டும் இடத்தைக் கண்டுபிடித்தவையே. 1983இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் ராணுவத் தளத்தில் சால்வடோர் படைவீரர்கள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றுவந்தார்கள். ராய் பூர்ஷ்வா என்ற கத்தோலிக்கப் பாதிரியாரும் வேறு இருவரும் ராணுவச் சீருடையை வாங்கி அணிந்து, இரவில் தளத்துக்குள் நுழைந்து, படைவீரர்களின் தங்கும் விடுதிக்கு அருகே ஓர் உயரமான பைன் மரத்தில் ஏறினார்கள். விளக்கணைத்த பிறகு, கையோடு கொண்டுபோயிருந்த ஒலிபெருக்கியில் ரொமேரோவின் கடைசி மறையுரையை ஒலிக்கவிட்டார்கள். எந்தப் படைவீரர்களை நோக்கி அவர் பேசினாரோ, அந்தப் படையின் வீரர்கள் படுக்கையிலிருந்து அவர் குரலை, அவர்களின் மொழியிலேயே கேட்டார்கள். பூர்ஷ்வாவுக்குப் பதினெட்டு மாதச் சிறை. 1990இல் அவர் மீண்டும் வந்து அதே தளத்தின் வாயிலில் உண்ணாவிரதம் இருந்தார்; அதன்பின் ஆண்டுதோறும் நவம்பரில் அங்கே கூடும் வழக்கம் உருவாயிற்று. கூடியவர்கள் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் 'இங்கே இருக்கிறேன்' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் பதில் சொன்னது. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல.

காபி இன்னொரு வழி. எல் சால்வடோரின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு காபியிலிருந்து வந்தது. தோட்ட முதலாளிகளின் பணமும் ராணுவமும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. 1989 இறுதியில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஓர் அமைப்பு, சால்வடோர் காபிக்கொட்டையைப் பயன்படுத்தும் ஃபோல்ஜர்ஸ் காபியைப் புறக்கணிக்கச் சொன்னது. துறைமுகத் தொழிலாளர்களும் அந்தக் காபியை இறக்க மறுத்தார்கள். புறக்கணிப்பு விளம்பரத்தை ஒளிபரப்பிய பாஸ்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து, ஃபோல்ஜர்ஸின் உரிமையாளரான ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் விளம்பரங்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டது. விளம்பரத்துக்குக் கிடைக்காத விளம்பரத்தை இந்தக் கோபமே தேடித்தந்தது. டீச்சர் அந்த ஆண்டுகளில் கடையில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவரின் கூடையில் அந்தச் சிவப்பு டப்பாவைப் பார்த்துவிட்டால் பேச்சுக் கொடுப்பாராம். "பாதிப் பேர் டப்பாவைத் திரும்ப வைத்தார்கள், பாதிப் பேர் என்னைவிட்டு விலகி வேறு வரிசைக்குப் போனார்கள்" என்றார்.

இந்த இயக்கத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. எல் சால்வடோர் மக்களுக்குத் துணைநின்ற ஒற்றுமைக் குழுக்களில் பல, போராளிகளின் பக்கம் சாய்ந்தே நின்றன. போராளிகள் ஊர்த் தலைவர்களைக் கொன்றபோதும், 1985இல் சான் சால்வடோரின் உணவகத்தில் அமர்ந்திருந்தவர்களைச் சுட்டபோதும் அவற்றின் குரல் தாழ்ந்துபோனது. ஐக்கிய நாடுகள் அவை அமைத்த உண்மை ஆணையம் 1993இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தனக்கு வந்த புகார்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு அரசுப் படைகளையும் அவற்றோடு சேர்ந்த கொலைக் குழுக்களையும் சுட்டின. போராளிகளைச் சுட்டியவை ஏறத்தாழ 5 விழுக்காடு. எண்கள் எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. அதனாலேயே அந்த ஐந்தைப் பற்றியும் உரக்கப் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் இழந்திருக்கப் போவது எதுவுமில்லை. டீச்சரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போது எஃப்.பி.ஐ. எங்கள் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. சந்தேகத்தை உள்ளுக்குள் பேசக்கூடப் பயமாக இருந்தது" என்றார். எல் சால்வடோர் ஒற்றுமைக் குழுவை எஃப்.பி.ஐ. பல ஆண்டுகள் வேவு பார்த்ததும், கடைசியில் குற்றம் ஒன்றும் காட்ட முடியாமல் கோப்பை மூடியதும் 1988இல் வெளியே வந்தவை.

கடைசியில் உதவியை வெட்டியது யார் என்று கேட்டால், பாஸ்டனின் ஜமைக்கா ப்ளெயின் பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு குழுவை நான் சொல்வேன். 1983இல் அவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினர் ஜோ மோக்லியைப் பார்க்கப் போனார்கள். மோக்லி தெற்கு பாஸ்டனின் பழைய பாணி அரசியல்வாதி, தெருவிளக்கு, ஓய்வூதியம், வேலை என்று தொகுதிக் காரியம் பார்ப்பவர், வெளியுறவில் நாட்டமில்லாதவர். வந்தவர்கள் சால்வடோர் அகதிகளைத் திருப்பி அனுப்புவதைப் பற்றிப் பேசினார்கள். அவர் அதைத் தொகுதிக் காரியமாகவே எடுத்துக்கொண்டு, ஜிம் மெக்கவர்ன் என்ற இளம் உதவியாளரிடம் ஒப்படைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1989 நவம்பர் 16 விடியலில், சான் சால்வடோரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இயேசு சபைப் பாதிரியார்கள் அறுவரையும், அங்கே பணிபுரிந்த பெண்ணையும், அவருடைய பதினாறு வயது மகளையும் அதே அத்லகாத்ல் படைப்பிரிவினர் கொன்றபோது, விசாரிக்கும் குழுவுக்குத் தலைவராக நாடாளுமன்ற அவைத்தலைவர் மோக்லியை அமர்த்தினார். குற்றம் சால்வடோர் ராணுவத்தின் மேல்மட்டம் வரை போகிறது என்பதை அந்தக் குழு வெளிக்கொணர்ந்தது. 1990 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவ உதவியில் பாதியை, 8.5 கோடி டாலரில் 4.25 கோடியை, நிறுத்தி வைத்தது.

எல் மொசோட்டேயின் நூற்றுக்கணக்கானோரால் நிறுத்த முடியாததை ஆறு பாதிரியார்களின் பிணங்கள் நிறுத்தின என்பது கசப்பான கணக்கு. அவர்கள் படித்தவர்கள், ஐரோப்பிய முகத்தினர், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நண்பர்கள் உடையவர்கள். இதை இயக்கத்தினரும் அறிந்தே இருந்தார்கள். அறிந்தும் கிடைத்த கதவைத் தள்ளினார்கள். தள்ளிய கதவு முழுதாகத் திறக்கவும் இல்லை. 1991 ஜனவரியில் போராளிகள் ஓர் அமெரிக்க ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தி, உயிர் பிழைத்த படையினரைக் கொன்றார்கள். இரண்டு வாரங்களில் அதிபர் புஷ் நிறுத்திவைத்த பணத்தை விடுவித்தார். ஆனால் முன்போல் கேட்டதெல்லாம் கிடைக்காது என்பது சால்வடோர் தளபதிகளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. 1992 ஜனவரி 16 அன்று மெக்சிகோவின் சாப்புல்தெபெக் கோட்டையில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. போரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அந்த ஆண்டு டிசம்பரில் அத்லகாத்ல் படைப்பிரிவு கலைக்கப்பட்டது.

டீச்சரிடம் கேட்காமல் விட்டிருந்த ஒரு கேள்வியைப் போன வாரம் கேட்டேன்: வியாழக்கிழமைகளில் அந்த ரயில் ஒருமுறையாவது திரும்பிப் போயிற்றா? இல்லை என்றார். ரயில் நிற்கும், காவலர்கள் வருவார்கள், இவர்களைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள், ரயில் போகும். அவர் கை கழுவிவிட்டு இரண்டாம் பாடவேளைக்குப் பள்ளிக்குப் போய்ச் சேருவார். பிறகு அந்தத் தொலைபேசி மரத் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஓர் எண். ரயில் எத்தனை நிமிடம் தாமதமானது என்று எழுதி வைத்திருந்தார். 11. 7. 23. ஓரிடத்தில் வெறும் 4. பக்கத்தில் 'மழை, மூன்று பேர்தான்' என்ற குறிப்பு. கூட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார்.

தாளை அவர் கையிலேயே வைத்திருக்க, நான் என் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். இருபத்தாறு வியாழக்கிழமைகள். ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் வந்தது.